காலேஜ் பொறுப்புக்காரன் பட்ட பாடு

சபையில் மணி அடிக்கிறவருக்குக் கயிறு இருக்கிறது, பாட்டு நடத்துகிறவருக்கு மைக் இருக்கிறது. காலேஜுக்குப் போகிற பிள்ளைகளின் விசுவாசத்தைக் காக்கிறவனுக்கு மட்டும் ஒரு செல்போனும், நாலு பக்கமும் கேட்கிற பேச்சும்தான் இருக்கிறது.

அந்த வேலையைப் பார்த்தவன் நான். வெம்பக்கோட்டையிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில் எங்கள் ஊர். விருதுநகரில் பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறேன். "சத்தமாப் பேச மாட்டான், எதிர்த்தும் பேச மாட்டான்" என்ற இரண்டு தகுதிகளைப் பார்த்து, வாலிபர் சங்கத்தில் 'காலேஜ் பொறுப்பு' என்று என் தலையில் கட்டினார்கள். முதல் வருஷம் சேர்கிற எங்கள் சபைப் பிள்ளைகளைச் சனிக்கிழமை மத்தியானம் காலேஜிலேயே ஒரு இடத்தில் கூட்டி ஜெபிக்க வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏற்றி ஊர்க் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு பிள்ளை வரவில்லை என்றால், ஆட்டைத் தொலைத்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

உங்கள் சபையிலும் இந்த வேலையை ஏதாவது ஒரு சாதுவான பையனிடம் கொடுத்திருப்பார்கள். அந்தப் பையன் நீங்கள்தான் என்றால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே வண்டியில் போகிற ஆட்கள்.

முன்னால் வாங்க

காலேஜ் திறக்கிறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, புதிதாகச் சேர்கிற பிள்ளைகளை ஆராதனை நடுவில் முன்னால் கூப்பிட்டு முழங்கால் போட வைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அவருக்கு எங்களைப்போல நிறைய ஊர்கள். மற்ற நாளெல்லாம் சபைச் செயலர் சார்தான் எல்லாம். ரிட்டயர்டு வாத்தியார். சினிமாவுக்கு விலக்கிக் காரும், செல்போனுக்கு விலக்கிக் காரும், காதலுக்கு விலக்கிக் காரும் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தவர், ரூபனிடம் வந்ததும் நின்றார். ரூபன் கெமிஸ்ட்ரி எடுத்திருந்தான். சயின்ஸ் படித்துவிட்டு தேவனே இல்லை என்று சொல்கிற ஆவிக்கும் இவனை விலக்கிக் காரும் என்று தனியாகச் சேர்த்து ஜெபித்தார். ரூபன் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தான். சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

அவனுடைய அம்மா ஞானம்மா அக்காவுக்குப் பட்டாசு ஆபீஸில் பாக்கிங் வேலை. பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். உள்ளே போனால் தரையில்தான் உட்கார வேண்டும். பக்கத்து வீட்டு ரோசி அக்காவும் அதே ஆபீஸ்தான், வெடிமருந்து அடைக்கிற ரூம். இரண்டு பேரும் ஒரே வேனில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள். ஞானம்மா அக்காவுக்குப் புருஷன் இல்லை, ரூபன் ஒரே பிள்ளை. ஆராதனை முடிந்ததும் என்னைச் செருப்புப் போடவிடாமல் நிறுத்தி அவர் சொன்னது இது: "பெயிலாப் போனாக்கூட திரும்ப எழுதிக்கிடலாம்லே. ஞாயித்துக்கிழமை கோயிலை விட்டான்னா அதை எங்கன போயி எழுத? உன்னை நம்பித்தான் அனுப்புறேன்."

தலைமுடி

பொறுப்பு எடுத்த புதிதில் பெரிய சோதனைகளுக்குத் தயாராக இருந்தேன். நாத்திகம் பேசுகிற பேராசிரியர் வருவார், கேள்வி கேட்பார், நான் பதில் வைத்திருக்க வேண்டும் என்று எங்கெங்கோ தேடிப் படித்துவைத்தேன். அப்படி ஒருத்தரும் வரவில்லை. ரூபனின் கெமிஸ்ட்ரி சாருக்கு ரெக்கார்டு நோட்டில் கோடு நேராக இருந்தால் போதும். தேவன் இருக்கிறாரா இல்லையா என்பதில் அவர் தலையிடவே இல்லை.

வந்த சோதனை ரூபனுடைய தலைமுடி. ஹாஸ்டல் பையன்கள் எல்லோரும் ஒரே கடையில் போய் இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டி, நடுவில் கூடுபோல விட்டுக்கொண்டார்கள். ரூபனும் வெட்டிக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் விடிகாலை பஸ் பிடித்து, சாத்தூரில் மாறி, நின்றுகொண்டே வந்து, முதல் பாட்டுக்கு முன்னால் கோயிலுக்குள் இருந்தான். ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்துகொண்டிருந்தான். பொருளாதாரப் பாடத்துக்குக்கூட அப்படிப் போகாத நான், அவனைக் காட்டிச் செயலர் சாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ரூபனின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெளியவே இம்புட்டு வெட்டிருக்கான்னா, உள்ள எம்புட்டு வெட்டிருப்பான்."

சுண்டல்

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் ரூபனிடமிருந்து போன் வந்தது. கிசுகிசுவென்று பேசினான். "அண்ணே, லேபுல பூஜை போட்டு சுண்டல் குடுக்காக. வாங்கலாமா, கூடாதா?" தராசுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னான். படைத்ததைத் தொடக் கூடாது என்பது செயலர் சார் சட்டம். வாங்காதே என்றேன். "கையில குடுத்துட்டாகளே" என்றான். இப்போது அதைக் கீழே போட்டால் கொடுத்தவர் மனம் நோகும், சாப்பிட்டால் செயலர் சார் மனம் நோகும். கர்த்தர் மனம் எதில் நோகும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. முத்துக்குமாரிடம் கொடுத்துவிடு என்றேன்.

முத்துக்குமார் ரூபனின் ரூம்காரன். சூலக்கரைப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பையன், பசி அதிகம். தன் சுண்டலையும் ரூபன் சுண்டலையும் தின்று முடித்துவிட்டு, போனை வாங்கி என்னிடம் மரியாதையாகவே கேட்டான்: "அண்ணே, தப்பா நினைக்காதீக. உங்க சாமிக்குச் சுண்டலே ஆகாதா, இல்ல ரூபன் திங்கிறதுதான் ஆகாதா?"

மாத்தாள்

தீபாவளி சீசன் கடைசியில் மருந்து ரூமில் லீவு கிடையாது. ஆனால் தன் இடத்தில் வேறொருத்தரை உட்கார வைத்துவிட்டுப் போனால் போர்மேன் கண்டுகொள்ள மாட்டார். அதற்கு மாத்தாள் என்று பெயர். ரோசி அக்கா கல்யாணமான மகளுக்குப் பிள்ளை இல்லை என்று, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை விடுவதில்லை எனக் கர்த்தருக்கு நேர்ந்து பொருத்தனை செய்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்கு ஞானம்மா அக்காவை மாத்தாளாகக் கேட்டார். பாக்கிங்கில் இருந்தவர் எழுந்து மருந்து ரூமுக்குப் போனார். ஜெபத்துக்காகக் கேட்டால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

அந்த வார ஜெபம் காலேஜ் பிள்ளைகளுக்காக. அதனால் நானும் வகுப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டு வந்தோம். ரூபன் பெயருக்கு வந்திருந்தபோது ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் பக்கம் அந்தச் சத்தத்தை யாரும் இடி என்று நினைப்பதில்லை. எல்லோரும் வெளியே ஓடிப் புகை எந்தத் திசை என்று பார்த்தோம். ரோசி அக்கா மட்டும் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அந்த ரூமில் இருந்த பக்கத்து ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும் அங்கேயே செத்துப்போனார்கள். அடைத்த குழாய்களை வெளியே காயவைக்க வாசல்வரை வந்திருந்ததால் ஞானம்மா அக்காவுக்கு உயிர் இருந்தது. இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் வெந்துவிட்டன. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ரூபனும் நானும் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தபோது போர்மேன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். பையை வைத்துவிட்டு, வருத்தமாகத்தான் கேட்டார்: "நீங்க பாக்கிங் ஆளுதானம்மா? உங்களை யாரு மருந்து ரூமுக்குப் போகச் சொன்னா?"

சாட்சி

ஞானம்மா அக்கா கட்டுப் பிரிக்காத கைகளோடு கோயிலுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. கார்த்திகை மழை தூறிக்கொண்டிருந்தது. ரூபன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை அம்மாவுக்குப் பிரித்துப் பிடித்திருந்தான். சாட்சி நேரம் வந்தது. உங்களுக்குத் தெரியும், கர்த்தர் செய்த நன்மையை மைக்கில் எழுந்து சொல்கிற நேரம். செயலர் சார் ரோசி அக்காவைக் கூப்பிட்டார்.

ரோசி அக்கா எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "அன்னைக்கு நான் வேலைக்குப் போயிருந்தா இன்னைக்கு இங்கன நிக்க மாட்டேன். கர்த்தர் என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து, இந்தக் கோயில்ல உக்கார வச்சுக் காத்தாரு" என்றார். கோயில் முழுக்க ஸ்தோத்திரம் எழும்பியது. ஞானம்மா அக்காவும் ஆமென் என்றார். அவ்வளவுதான் சாட்சி. மைக் அடுத்த ஆளுக்குப் போனது.

ரூபன் பாட்டுப் புத்தகத்தை மூடி அம்மா மடியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். நான் பின்னாலேயே போனேன். அதுதானே என் வேலை. அவன் அழவில்லை. மழையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு, லேபில் சந்தேகம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டான்: "ரோசி அத்தைய எந்திரிச்சு வான்னு கூப்பிட்டவரும், அதே இடத்துல எங்கம்மாவ உக்காருன்னு விட்டவரும் ஒரே ஆளுதானா அண்ணே?"

ஆமென்

அன்றைக்குச் சாயங்காலம் ஞானம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். ரூபன் சாப்பிடாமல் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டும் போயிருந்தான். என்னை நம்பி அனுப்பினவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர்தான் பேச்சுக் கொடுத்தார், சாப்பிட்டியா, பரீட்சை எப்போ என்று. கடைசியில், அந்தச் சாட்சிக்கு நீங்கள் ஏன் ஆமென் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

கேட்டிருக்கக் கூடாதோ என்னமோ. கட்டுப்போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்தபடி சொன்னார்: "அவ பிழைச்சதுக்கு நான் ஆமென் சொல்லலைன்னா வேற யாருலே சொல்லுவா? ஆனா, என் பேரு அவ வாயில வரும் வரும்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

வேலைக்காரர்கள்

ரூபன் வராத அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செயலர் சார் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் ஜூன் மாசமே சொன்னேன், கெமிஸ்ட்ரின்னு" என்றார். போய்க் கூட்டிவா என்றார். நானும் ஹாஸ்டலுக்குப் போனேன். முத்துக்குமார் எனக்குக் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

எனக்கு வாதாடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் எங்கள் தாத்தா வாய்வழியாகச் சொன்ன கதைகள்தான். அவர் எழுத்துத் தெரியாதவர். வேதத்துக் கதைகளை எல்லாம் வைப்பாற்றங்கரையில் நடந்த மாதிரிச் சொல்வார். எல்லாவற்றையும் இழந்து, அழுது, பொறுத்து, கடைசியில் எல்லாவற்றையும் இரட்டிப்பாகத் திரும்ப வாங்கின பழைய பக்தர் ஒருவரின் கதையைத் தாத்தா மாதிரியே சொன்னேன். ஆடு மாடு போனது, மேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரர்கள் வெட்டுப்பட்டார்கள், நெருப்பு விழுந்து எரிந்தது, ஒருத்தன் மட்டும் தப்பி வந்து சேதி சொன்னான், அப்படியும் அவர் கர்த்தரை விடவில்லை. நன்றாகத்தான் சொன்னேன். முத்துக்குமார் வாயைத் திறந்தபடி கேட்டான். ரூபனும் தலை குனிந்து கடைசி வரைக்கும் கேட்டான். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்: "அவருக்கு ஆடு மாடெல்லாம் திரும்பக் கிடைச்சிருச்சு, சரி. நெருப்புல செத்தாகளே வேலைக்காரங்க, அவுக வீட்டுக்கு யாரு போயி சாட்சி சொன்னா?"

ஒரு வார்த்தை

நான் செருப்புப் போடும்போது ரூபன் வாசல்வரை வந்து ஒன்று சொல்லி அனுப்பினான். ரோசி அத்தை அதே மைக்கில், "என் இடத்துல ஞானம்மா உக்காந்தா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன் என்றான். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. விசுவாசத்துக்கு இவ்வளவு எளிதான மருந்தை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நேராக ரோசி அக்கா வீட்டுக்குப் போனேன்.

சொன்னதுமே ரோசி அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். முதலில் அதைத்தான் சொல்ல நினைத்தாராம். செயலர் சாரிடம் கேட்டதற்கு, மாத்தாள் போட்டது ஆபீஸ் காதுக்குப் போனால் இரண்டு பேருக்கும் வேலை போகும், அதை விட்டுவிட்டுச் சொல்லு என்றாராம். "இப்பச் சொல்லணும்னு எனக்கும் இருக்கு தம்பி. ஆனா அம்புட்டு பேரும் ஸ்தோத்திரம் சொன்ன பெறகு, கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குன்னு எந்த வாயால போயி நிக்க?" என்றார். அவருக்கு அந்தப் பக்கம் பயம், இந்தப் பக்கம் வெட்கம். என்னால் கோபப்பட முடியவில்லை.

அங்கிருந்து செயலர் சார் வீடு. ஆபீஸுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், போர்மேனே ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டாரே என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பொறுமையாகப் பாடம் எடுத்தார்: "சாட்சின்னா கேட்டவங்களுக்குக் கர்த்தர் மேல நம்பிக்கை கூடணும் தம்பி. நீ சொல்லச் சொல்றதைச் சொன்னா அது கூடுமா, குறையுமா?"

சேவல்

தை மாதம் எங்கள் கோயிலில் அசனப் பண்டிகை. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கோழியை எல்லாம் ஏலம்விட்டு, பிறகு ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும். ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு சங்கமும் வருஷ அறிக்கை வாசிக்க வேண்டும். காலேஜ் பொறுப்புக்கு நான். பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்கள், ஒருவருக்காக மட்டும் பாரத்தோடு ஜெபியுங்கள் என்று வாசிக்கச் செயலர் சார் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த ஒருவர் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ரூபன் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போகவில்லை, வெடி நடந்த அன்றைக்கு ரோசி அக்கா இடத்தில் ஞானம்மா அக்கா மாத்தாளாக உட்கார்ந்திருந்தார், நாம் இங்கே ரூபனுக்காக ஜெபிக்க வசதியாகத்தான் அவர் அங்கே போனார், அதை இந்தக் கோயிலில் யாரும் சொல்லவில்லை, அவனுக்கு அதுதான் மனக்குறை என்றேன். எனக்குச் சத்தம் வராது என்று சொன்னேனே. ஆனால் மைக் அன்றைக்கு நன்றாக வேலை செய்தது. யாராவது எழுந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நானும் நின்றேன். ஐயர் செயலர் சாரைப் பார்த்தார். செயலர் சார் எழுந்து வந்து, என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கி, கால் கட்டிக் கிடந்த சேவலைத் தூக்கிக் காட்டினார்: "நேரமாச்சு, சாப்பாடு ஆறுது. முதல் ஏலம், நாட்டுச்சேவல். கேக்குறவங்க கேளுங்க."

பந்தி

பந்தியில் ஞானம்மா அக்கா இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். கட்டுப் பிரித்துவிட்டாலும் விரல்கள் மடங்கவில்லை. பரிமாறுகிறவர்கள் சோறு வைத்தார்கள், குழம்பு ஊற்றினார்கள், அடுத்த இலைக்குப் போனார்கள். அப்போது எதிர் வரிசையிலிருந்து ரோசி அக்கா எழுந்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, உருட்டி, ஞானம்மா அக்கா வாயில் ஊட்டினார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஞானம்மா அக்கா மென்று முடிக்கிறவரை காத்திருந்து அடுத்த வாய் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

அம்மாவைக் கூட்டிவந்த ரூபன் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். நான் ஓடிப்போய் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பி, அங்கே பார் என்று காட்டினேன். மைக்கில் வராத வார்த்தை இலையில் வந்துவிட்டது என்று எனக்கு நம்பிக்கை. கடைசி வாய் வரைக்கும் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஊட்டுறதுக்குக் கை வருது. சொல்றதுக்குத்தான் வாய் வரலை."

ஓய்வு

அடுத்த வாரமே வாலிபர் சங்கக் கூட்டம் போட்டு என் பொறுப்பை வேறொரு பையனுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் நல்ல சத்தமாகப் பேசுவான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால்கூட நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். செயலர் சார் தோளில் தட்டி, டீ வாங்கிக் கொடுத்து, என் படிப்பை எல்லாம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "நீ நல்ல பிள்ளைதான் தம்பி. ஆனா, அடுத்தவன் விசுவாசத்தைப் பாத்துக்கிடணும்னா நமக்கே கொஞ்சம் கூடுதலா இருக்கணும்ல."

மாடிப்படிக்குக் கீழே

அவர் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வாரங்களில் எனக்கு எவ்வளவு இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன், பாடினேன், சாட்சி நேரம் வந்தால் மட்டும் வெளியே போய்ச் செருப்புகளை நேராக வைத்துக்கொண்டிருந்தேன். புதுப் பொறுப்புக்காரன் சனிக்கிழமைக் கூட்டத்தை ஏ.சி. இருக்கிற ஒரு ஹாலுக்கு மாற்றிவிட்டான். பிள்ளைகள் அங்கே போனார்கள். நாங்கள் வழக்கமாகக் கூடுகிற இடம் கெமிஸ்ட்ரி பிளாக் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நான் மட்டும் போய் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

ரூபன் வந்தான். கூடவே முத்துக்குமாரும் வந்தான், கையில் ஒரு பன் வைத்திருந்தான். "உங்களுக்குத்தான் பொறுப்பு இல்லையே, பெறகு எதுக்கு இங்கன உக்காந்திருக்கீக?" என்றான் ரூபன். தெரியலை என்றேன். அவனும் உட்கார்ந்தான். அம்மா விரல்களுக்கு மறுபடி ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், திங்கட்கிழமை மதுரை போகணும் என்றான். பிறகு, "ஒரு ஜெபம் பண்ணுங்க அண்ணே. ஆனா 'காத்தீரே'ன்னு மட்டும் வரக் கூடாது" என்றான்.

கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாமே அந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது. இதுவரை காத்தீரே, இரவெல்லாம் காத்தீரே, கண்மணிபோலக் காத்தீரே. அதை எடுத்துவிட்டால் அடுத்த வார்த்தை எது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே படியில் ஆட்கள் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. என் பஸ் போயிருக்கும். ரூபன் எழுந்து போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். முத்துக்குமார்தான் பொறுக்க முடியாமல், "முடிஞ்சுருச்சாலே?" என்று மெதுவாகக் கேட்டான். ரூபன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "சும்மா இருலே, இப்பத்தான் ஆரம்பிக்காரு."

காலேஜில் விசுவாசம் தொலைந்துவிடும் என்று பயந்து எங்களைக் காவல் காத்தார்கள். கோயிலில் தொலைத்ததை நாங்கள் இப்போது காலேஜ் மாடிப்படிக்குக் கீழே தேடிக்கொண்டிருக்கிறோம்.